சின்னம்மா எந்த வழிச் சின்னம்மா? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: குடும்பத்தில் வழிவழியாக வரும் புற்றுநோய், அதற்குக் கைப்பேசியை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்பது. போன இதழில் என் அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனார், எனக்கும் பிஆர்சிஏ2 மரபணுவில் ஒரு மாற்றம் (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவது) இருப்பது பின்னால் தெரிந்தது, பதினைந்து வருடமாக இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் செயலி வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள், ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது, மென்பொருள் வேலை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, பரிசோதனையில் பிஆர்சிஏ2 என்று சொன்னார்கள். நம் மக்களுக்காக ஒரு செயலி செய்ய ஆசை. வயது, குடும்ப விவரம் எல்லாம் கொடுத்தால் "உனக்கு இத்தனை சதவீதம் ஆபத்து" என்று காட்டும். நல்ல யோசனையா? எங்கே தொடங்குவது?
— வாசகர், ஃபீனிக்ஸ்

தம்பி, முதலில் அம்மா எப்படி இருக்கிறார்கள்? சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் செயலி கொஞ்ச நாள் காத்திருக்கட்டும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வர ஆள் வேண்டும், அது நீங்களாக இருங்கள். இன்னொன்று, நீங்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அம்மாவிடம் இருக்கும் மாற்றம் உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கீழே டொங்காட் அண்ணாவுக்குச் சொல்லியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி செயலி. ஆசை நல்ல ஆசை, தொடங்க நினைக்கும் இடம்தான் சரியில்லை. சதவீதம் கணக்கிட ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான கேன்ரிஸ்க் அவற்றில் ஒன்று, மருத்துவர்களும், மரபணுப் பரிசோதனையை விளக்கிச் சொல்லும் மரபியல் ஆலோசகர்களும் பயன்படுத்துவது, அதன் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. அதை நாம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டியதில்லை. அப்புறம், ஒரு மென்பொருள் தானே கணக்குப் போட்டு "நீ இதைச் செய்துகொள்" என்று சொல்ல ஆரம்பித்தால் அது மருத்துவக் கருவி என்ற கணக்கில் வந்துவிடும். நம் நாட்டுச் சட்டத்தில் மருத்துவக் கருவி என்ற சொல்லுக்குள் மென்பொருளும் அடக்கம், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் சாப்ரா ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பரிசோதனை முடிவு வந்த ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு மணிக்குப் போனை எடுத்துத் தேடினேன். பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள 100 பெண்களில் 69 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், 17 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று வந்தது (அதே மாதிரி இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ1 என்றால் 72, 44). 2017-இல் வெளியான பெரிய ஆய்வின் எண்கள் அவை, எண்ணில் தவறில்லை. ஆனால் "80 வயதுக்குள்" என்பது என் கண்ணில் படவே இல்லை, 69 மட்டும்தான் பட்டது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதும் அப்போது தெரியாது. விடியும்வரை தூங்கவில்லை, பக்கத்து அறையில் படுத்திருந்த மகளை மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "நாளைக் காலையில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்" என்று ஒரே ஒரு வரி அந்தத் திரையில் இருந்திருந்தால் போதும், நான் படுத்திருப்பேன்.

அந்த ஒரு வரியைக் காட்டும் செயலியைச் செய்யுங்கள் தம்பி. யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதியில் அடுத்த ஸ்கேன், குடும்பத்தில் யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆபத்தைக் கணக்கிடும் வேலையை ஆலோசகரிடம் விட்டுவிடுங்கள்.

தேதி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்று ஒன்று, குடலிலும் கருப்பையிலும் இளம் வயதிலேயே புற்றுநோய் கொண்டுவருவது. வட கேப் பக்கத்துச் சிற்றூர்களில் பல குடும்பங்களில் எம்எல்எச்1 மரபணுவில் ஒரே மாற்றம் ஓடுவதைக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராஜ் ரமேசர் குழுவினர் கண்டுபிடித்துத் தொடர்ந்தார்கள், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக் கருவியை எடுத்துக்கொண்டு மருத்துவர்கள் அந்த ஊர்களுக்கே போனார்கள். ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குப் புற்றுநோயும் குறைந்தது, ஆயுளும் கூடியது, 2009-இல் அதை எழுதியும் வெளியிட்டார்கள். லிஞ்ச் இருப்பவர்களுக்குப் பொதுவாக 20-25 வயதிலிருந்து ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கொலோனோஸ்கோபி சொல்வார்கள். பிஆர்சிஏ என்றால் 25-இல் இருந்து வருடா வருடம் மார்பக எம்ஆர்ஐ, 30-இல் இருந்து மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே), பிள்ளை பெற்று முடித்த பிறகு (பிஆர்சிஏ1-க்கு 35-40, பிஆர்சிஏ2-க்கு 40-45 என்று சொல்வது வழக்கம்) சினைப்பையையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது. நான் 42-இல் எடுத்துக்கொண்டேன். இந்த அட்டவணையைச் செயலிக்குள் அப்படியே கல்வெட்டு மாதிரி பதித்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் வருடா வருடம் எம்ஆர்ஐ எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்காத ஒன்றைத் "தவறவிட்டீர்கள்" என்று சிவப்பில் காட்டினால் அந்தப் பெண் என்ன செய்வாள்? அவளுடைய மருத்துவர் அவளுக்கு எழுதிக் கொடுத்த தேதிதான் திரையில் இருக்க வேண்டும். மருத்துவமனை அட்டையைப் படம் எடுத்தால் தேதி உள்ளே போகிற மாதிரி செய்யுங்கள். நினைவூட்டல் ஒரு மாதம் முன், ஒரு வாரம் முன், முதல் நாள் சாயங்காலம். முதல் நாள் வருவதில் "யார் கூட வருகிறார்கள், டாக்சிக்குச் சில்லறை இருக்கிறதா, காலை எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும்" என்பதும் இருக்கட்டும், நம் ஊரில் ஸ்கேன் தவறுவது பெரும்பாலும் இந்தச் சில்லறை விஷயங்களால்தான்.

ஸ்கேன் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று வாரம் கழித்து "முடிவு கைக்கு வந்ததா?" என்று கேட்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அறிக்கை ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும்.

அறிவிப்பில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கவனம். நான் வேலை செய்த ஒரு குழுவில், பூட்டிய திரையிலேயே "நாளை உங்கள் மார்பக எம்ஆர்ஐ" என்று வரும்படி விட்டிருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டுச் சமையலறையில் மேசைமேல் கிடந்த போனில் அது வந்தது, மாமியாரும் நாத்தனாரும் பார்த்தார்கள். அந்தப் பெண் அன்று ராத்திரியே செயலியை அழித்துவிட்டாள், மறுநாள் போகவும் இல்லை. "நாளை 7 மணி" என்று மட்டும் இருந்திருந்தால் போயிருப்பாள்.

இன்னும் நாலு விஷயம். டேட்டா விலை உங்களுக்குத் தெரியும், மாதக் கடைசியில் ஏர்டைம் இல்லாத போனிலும் தேதியும் மருத்துவர் எண்ணும் தெரிய வேண்டும், அதனால் எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கட்டும், அளவு சின்னதாக இருக்கட்டும், மின்வெட்டு நேரத்தில் டவர் போனாலும் திறக்க வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற ஊர் இது, அதனால் செயலிக்குத் தனியாக ரகசிய எண், உள்ளே இருப்பது குறியாக்கத்தில். எண்ணைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 100 புள்ளிகளைப் போட்டு அதில் இத்தனை என்று காட்டுங்கள், "ஆறு மடங்கு" என்று எழுதாதீர்கள், எதற்கு ஆறு மடங்கு என்று யாருக்கும் புரியாது. அப்புறம் "பாசிட்டிவ்" என்ற சொல்லை எங்கேயும் போடாதீர்கள். வேறு நாட்டில் அதை நல்ல செய்தி என்று தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்வார்கள், நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எச்ஐவிதான் மனதில் வரும். "மாற்றம் இருக்கிறது", "மாற்றம் இல்லை", இதுவே போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடுவார்கள் இல்லையா, சாப்பாடு முடிந்ததும் காகிதத்தில் நாலு திரை வரைந்து பெரியம்மா கையில் கொடுத்து "அடுத்த ஸ்கேன் தேதியை இதில் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள், நீங்கள் அவர்கள் வளர்த்த பிள்ளை.

கேள்வி: எனக்கு 68 வயது. மகள் போனில் ஏதோ போட்டுக் கொடுத்துக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வியாதி, எத்தனை வயதில் என்று நிரப்பச் சொல்கிறாள். அதில் "ஆன்ட்டி" என்று ஒரே பெட்டிதான் இருக்கிறது. யாரை எழுதுவது? வயதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?
— ஓர் அம்மா, சாட்ஸ்வொர்த்

அம்மா, உங்களுக்கு வந்த குழப்பம் அந்தச் செயலியின் குறை, உங்கள் குறை இல்லை. செயலி செய்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூடத் தாத்தா, ஆயா, பெரியம்மா, மாமி என்ற சொற்களை விடவில்லை. மரபணு விஷயத்தில் அந்தச் சொற்கள் தங்கம். ஆன்ட்டி என்றால் அம்மா பக்கமா அப்பா பக்கமா, ரத்த உறவா இல்லையா, எதுவும் தெரியாது. அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள் என்று பாதி தெரிந்துவிடும். பாதிதான். சில வீடுகளில் மாமாவின் மனைவியையும் அத்தை என்பார்கள். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவரும் உண்டு, அத்தையின் வீட்டுக்காரரும் உண்டு. சின்னம்மா இன்னும் சிக்கல்: அம்மாவின் தங்கையும் சின்னம்மாதான், சித்தப்பா கட்டிக்கொண்டு வந்தவரும் சின்னம்மாதான். முதல் சின்னம்மாவுக்கு வந்த புற்றுநோய் உங்கள் கணக்கில் வரும், இரண்டாவது சின்னம்மாவுக்கு வந்தது அவருடைய பிள்ளைகள் கணக்கில் வரும், உங்கள் கணக்கில் வராது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கூடப்பிறந்தவரா, வாக்கப்பட்டு வந்தவரா? செயலியிலும் அந்தக் கேள்வி அப்படியே இருந்தால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டியது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மரபியல் ஆலோசகர் குடும்ப மரம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு போடுவார். அவர்களுக்கு அது பழக்கப்பட்ட சங்கதி, வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பல செயலிகளில் மரம் கிளை பிரிந்துகொண்டே போகும், திரும்பி வந்து சேராது, நம் குடும்பத்தைப் போட்டால் அப்படியே நின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரே பிஆர்சிஏ2 மாற்றம் வந்து சேர்ந்தால் குழந்தைக்கு ஃபான்கோனி சோகை என்ற அரிய, கடுமையான நோய் வரலாம், அதனால் இந்த இரட்டைக் கோடு முக்கியம்.

வயது ஞாபகம் இல்லை என்றால் வருடத்தைப் பிடியுங்கள், வருடம் ஞாபகம் இல்லை என்றால் சம்பவத்தை. மேகசின் பேரக்ஸ் குடியிருப்பை விட்டு சாட்ஸ்வொர்த் வருவதற்கு முன்னாலா, பின்னாலா? 1976 டின் டவுன் வெள்ளமா, 1987 செப்டம்பர் வெள்ளமா? 1994-இல் ஓட்டுப் போட்டாரா? அப்போது அவருடைய கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா? இப்படிக் கேட்டால் அஞ்சு வருடம் முன்னே பின்னே வயது வந்துவிடும், அதுவே போதும். மருத்துவருக்குத் தெரிய வேண்டியது 50-க்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் பெரும்பாலும்.

வியாதியின் பெயரும் அப்படித்தான். பழைய ஆட்கள் "அந்த வியாதி" என்பார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். என் ஆயாவுக்கு "வயிற்றில் கட்டி" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள், வயிற்றுப் புற்றுநோய் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவின் பதினாறாம் நாள் கருமாதியில் பெரிய மாமா பேச்சோடு பேச்சாக "வயிறு நீர் கோத்துப் பானை மாதிரி ஆகிவிட்டது, நாலு தடவை நீர் எடுத்தார்கள்" என்றார். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கும் அதேதான் நடந்தது, ஆயாவுக்கும் சினைப்பையாகத்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. அதனால் நோயின் பெயர் தெரியாவிட்டால் நடந்ததை எழுதுங்கள்: மார்பை எடுத்தார்களா, வயிற்றில் நீர் கட்டியதா, மலத்தில் ரத்தம் போனதா, தலைமுடி கொட்டியதா.

தெரியாததைத் தெரியாது என்றே போடுங்கள். "தெரியாது" என்று ஒரு பொத்தான் இல்லாத செயலியை மகளிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் வெறுமனே விட்ட பெட்டியை அது "வியாதி இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த முன்னோர்வரை போக வேண்டியதில்லை, மூன்று தலைமுறை போதும்.

கேள்வி: என் அக்கா, தங்கை இருவரும் பரிசோதனை செய்துகொண்டார்கள். எனக்கும் அந்தச் செயலியை அனுப்பியிருக்கிறார்கள், முழுக்க ரோஜா நிறம், ரிப்பன் படம். ஆம்பிளைக்கு இதில் என்ன வேலை?
— வாசகர், டொங்காட்

நிறைய வேலை இருக்கிறது அண்ணா. பிஆர்சிஏ மாற்றம் அப்பா வழியாகவும் அதே பாதிக்குப் பாதிதான் வரும். பிஆர்சிஏ2 இருக்கும் ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் வாய்ப்புக் கூடுதல், 40-இல் இருந்தே அதற்கான ரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்வார்கள், ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் வரும், அரிதுதான், ஆனால் வரும். உங்களுக்கு ஒன்றும் வராமலேயே உங்கள் மகளுக்குப் போய்ச் சேரவும் கூடும். அக்கா தங்கையில் யாருக்காவது மாற்றம் கண்டுபிடித்திருந்தால் அந்த அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு போங்கள், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவு குறையும்.

அந்த ரோஜா நிறத்தைப் பார்த்து எத்தனை ஆண்கள் மூடி வைத்துவிட்டார்களோ. ஃபீனிக்ஸ் தம்பி, நீங்கள் நீலமோ பச்சையோ எதையாவது போடுங்கள்.

கேள்வி: அம்மாவும் பெரியம்மாவும் 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோயில் இறந்தார்கள். எனக்கு சில வருடம் முன் பிஆர்சிஏ பரிசோதனை செய்து நெகட்டிவ் என்றார்கள். செயலியில் அதைப் போட்டால் பச்சை நிறத்தில் "ஆபத்துக் குறைவு" என்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

அம்மா, இன்றைக்கே அந்தப் பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள். "எந்தப் பரிசோதனை" என்று அதில் எழுதியிருக்கும், அதுதான் இங்கே எல்லாமே.

இந்த நாட்டில் ஆஃப்ரிக்கானர் (டச்சு வழி வெள்ளையர்) குடும்பங்களில் சில முன்னோரிடமிருந்து பரவிய மூன்று மாற்றங்கள் அடிக்கடி வரும், பிஆர்சிஏ1-இல் இரண்டு, பிஆர்சிஏ2-இல் ஒன்று. அஷ்கனாசி (ஐரோப்பிய வழி) யூதக் குடும்பங்களுக்கும் அப்படி மூன்று உண்டு. இவற்றை மட்டும் தேடும் மலிவான பரிசோதனை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அது சரி. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் குடும்பங்களில் ஓடும் மாற்றங்கள் பெரும்பாலும் வேறு, அதனால் அதில் "இல்லை" என்று வந்தால் நமக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை. நமக்கு மரபணுவை முழுதாகப் படிக்கும் பரிசோதனைதான் வேண்டும். உங்களுக்குச் செய்தது முழுப் பரிசோதனையாகவே இருந்தாலும், நோய் வந்த அம்மாவிடம் மாற்றம் எது என்று கண்டுபிடிக்காமல் உங்களுக்கு மட்டும் பார்த்து "இல்லை" என்றால் அது பாதிப் பதில்தான், நமக்குத் தெரியாத வேறு மரபணுவாக இருக்கலாம். 50-க்கு முன் இரண்டு பேர் என்பதே மருத்துவரிடம் திரும்பப் போகப் போதுமான காரணம்.

முழுப் பரிசோதனையில் இன்னொரு பதிலும் வரலாம்: மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. நம்மைப் போலக் குறைவாக ஆராயப்பட்ட மக்களுக்கு இந்தப் பதில் அதிகமாக வருகிறது. அதை வைத்து அறுவை சிகிச்சைக்கு ஓடவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. சில வருடத்தில் விஞ்ஞானிகள் அதை "கெடுதல் இல்லை" என்றோ "கெடுதல்" என்றோ மாற்றி வகைப்படுத்தக்கூடும். அதனால் செயலியில் முடிவோடு கூட அதன் தேதி, எந்தப் பரிசோதனை, எந்த ஆய்வகம் என்பதும் இருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை "திரும்பக் கேட்டீர்களா?" என்று நினைவூட்ட வேண்டும். இரண்டே இரண்டு நிறத்தில் பதில் சொல்கிற செயலியை நான் நம்ப மாட்டேன்.

டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது, உங்கள் மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மரபியல் ஆலோசகர்கள் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும்தான் இருக்கிறார்கள், படிப்பும் அங்கேதான், நம் பக்கம் குறைவு. போனிலோ வீடியோவிலோ பேச முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் போனில் போட்டால் யார் கையில் போகும்? மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடுவார்களா? மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்.
— வாசகி, லெனேசியா

நியாயமான பயம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உடல்நல விவரமும் மரபணு விவரமும் நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் (போப்பியா என்கிறோமே அது, 2013-இல் வந்து 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து முழுதாக அமலில் இருப்பது) தனிக் கவனம் பெற்ற தகவல். நீங்கள் உங்கள் போனுக்குள் அத்தையின் நோயைக் குறித்து வைத்தால் அது வீட்டு விஷயம், சட்டம் அதில் தலையிடாது. அதே விவரம் ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டால் அந்த நிறுவனம் பொறுப்பு ஏற்க வேண்டும், அத்தையும் தன் விவரத்தைக் காட்டு, அழி என்று கேட்கலாம். செயலியைத் திறந்ததும் முதலில் பாருங்கள்: கணக்குத் தொடங்காமல் பயன்படுத்த முடிகிறதா, விவரம் போனிலேயே நிற்கிறதா, வெளிநாட்டுக்குப் போகிறதா, அழிக்கச் சொன்னால் அழிக்கிறார்களா. எச்சிலைக் குப்பியில் அனுப்பி வம்சாவளி பார்க்கும் 23 அண்ட் மீ நிறுவனத்தில் 2023-இல் ஏறக்குறைய 69 லட்சம் பேருடைய விவரம் திருடு போனது, 2025 மார்ச்சில் அது திவால் என்று நீதிமன்றம் போனது, அத்தனை பேருடைய மரபணுவும் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது.

மரபணுவைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களை நிறுத்த முடியாது, கூடுதல் சந்தாவும் கேட்க முடியாது, 1998-ஆம் வருடச் சட்டம் அதைத் தடுக்கிறது. புதிதாகச் சேர்பவருக்குப் பொதுவாக மூன்று மாதம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதம் என்று காத்திருப்புக் காலம் போடலாம். ஆயுள் காப்பீடு அப்படி இல்லை. விண்ணப்பத்தில் கேட்பதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆயுள் காப்பீடு எடுக்கிற எண்ணம் இருந்தால், பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஆலோசகரிடம் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

மகள் விஷயம். அவளுக்குப் பரிசோதனை செய்துவிட்டீர்களா, செய்யப் போகிறீர்களா என்று எழுதவில்லை. எப்படியிருந்தாலும் அது அவளுடைய ரத்தம், அவளுடைய முடிவு. யாரிடம் எப்போது சொல்வது என்பதும் அவளுடையதுதான். செயலியில் அவளுக்கென்று தனியாக ரகசிய எண் இருக்கட்டும், உங்களுக்குத் தெரிய வேண்டாம். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் ஒருநாள் அவள் சொல்லத்தான் வேண்டியிருக்கும், பிள்ளை பெறும் முடிவுகள் அதில் இருக்கின்றன. சம்பந்தி வீட்டார் எல்லோரும் அறிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டை உள்ளே வைத்தால் ராத்திரியிலும் பதில் சொல்லுமே?
— வாசகர், மெரிபேங்க்

சொல்லும், அழகாகவும் சொல்லும், தப்பாகவும் அதே அழகோடு சொல்லும். "சினைப்பையை எடுக்கலாமா" என்ற கேள்விக்கு அதை விடாதீர்கள். ஆலோசகர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட முப்பது நாற்பது பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்து, கேள்விக்குப் பொருந்துவதை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் அதை வைக்கலாம். ராத்திரி பயந்துபோய் எழுதுகிறவர்களுக்கு ஒரு மனிதரின் எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு மாற்றம் இருக்கிறது என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. அண்ணனோடு அப்பா வீட்டை விற்றதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். செயலியிலிருந்து அவருக்கு நேரே ஒரு அறிவிப்பு போகிற மாதிரி செய்யலாமா?
— வாசகி, வெருலம்

செயலியிலிருந்து வேண்டாம் அம்மா. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து "உங்கள் உறவினர் ஒருவருக்கு மரபணு மாற்றம்" என்று வந்தால் அண்ணன் அதை மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார், அழிக்காவிட்டால் உறவினர் யார் என்று ஊரெல்லாம் கேட்பார். செய்தி உங்கள் எண்ணிலிருந்து போகட்டும். நல்ல செயலி என்றால் வார்த்தைகளை எடுத்துக் கொடுக்கும், நீங்கள் திருத்துவீர்கள், வாட்ஸ்அப்பில் நீங்களே அனுப்புவீர்கள். மருத்துவரிடம் காட்டுவதற்கு "குடும்பத்தாருக்கான கடிதம்" என்று ஒன்று ஆலோசகர் தருவார், எந்த மாற்றம் என்று அதில் துல்லியமாக இருக்கும், அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அண்ணனுக்கும் நாலு வருடம் பேச்சு இல்லாமல் இருந்தது. மூன்று நாள் எழுதி எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் நான் அனுப்பியது இது. வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அண்ணா, எனக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அம்மா வழியாக வந்திருக்கக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது. உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. யார் செய்த தப்பும் இல்லை. மருத்துவரிடம் காட்ட ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் கேள். உடனே பதில் எழுத வேண்டாம்."

நீல டிக் அன்றைக்கே வந்தது. பதில் ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்தது: "கடிதத்தை அனுப்பு. சின்னவளுக்கு எத்தனை வயதில் பார்க்க வேண்டும்?"

அவளுக்கு அப்போது பதினாலு. பதினெட்டு ஆகட்டும், அப்புறம் அவளே முடிவு செய்யட்டும், முதலில் நீ போய்ப் பார் என்று எழுதி, கடிதத்தையும் அனுப்பினேன்.